தேடத் தெரிய வேண்டும்

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கப் படிப்பகத்தில் கூடியிருந்த அன்பர் சிலருக்கிடையே ஒரு தர்க்கம் மூண்டது. பொங்கலுக்கு ஊர் செல்வோர் ரயிலில் எத்தனை நாள் முன்னதாக இடம் பதிவு செய்யலாம் என்பதே விவாதப் பொருள். ஒருவர் 120 நாள் என்றார். மற்றொருவர் 60 நாள் என்றார். இருவரும் தத்தம் கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினர். இருவருமே தம் கட்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்டதென்று வெற்றிப் புன்னகை பூத்தனர். ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் என்னை நடுவனாக்கினார்கள்.

60 நாள் என்பதே சரி. பிரயாண தினத்தை நீக்கி 60 நாள் என்னும் விதி 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 120 நாள் என்றவரும் பொய்யுரைக்கவில்லை. 2015 ஏப்ரல் முதல் அதற்கு முந்திய தினம் வரை அதுவே விதியாயிருந்தது. அக்காலத்தில் எழுதி வைக்கப்பட்ட பக்கங்கள் இணையத்தில் இன்றும் அப்படியே கிடக்கின்றன. எங்கள் ஆபீசில் ரத்தான சுற்றறிக்கையின் மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைப்போம். இணையத்தில் அந்தக் கோட்டை இழுப்பார் யாருமில்லை.

அன்று கூடியிருந்தோர், இணையத்தில் தேடும் முறையைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுமாறு பணித்தனர். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். கணிப்பொறி சாஸ்திரம் கற்றவனல்லேன். எழுத இசைந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

பார்சல் ஆபீசுக்கு வந்து, “ஐயா, என் பெட்டி வந்துவிட்டதா?” என்று கேட்பவர்கள் நாள்தோறும் உண்டு. என்ன பெட்டி, எந்த ஊரிலிருந்து, என்று போட்டது, ரசீது எண் என்ன என்று கேட்டால், “பழுப்பு நிறப் பெட்டி” என்பார்கள். கிடங்கிலோ பழுப்பு நிறப் பெட்டிகள் எண்பது இருக்கும். ரசீதை நீட்டுபவருக்கு இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். மூட்டையின் மேல் புறப்பட்ட நிலையத்தின் குறியும் சேர வேண்டிய நிலையத்தின் குறியும் எழுதியிருக்கும். சென்னை சென்ட்ரலுக்கு இன்னமும் ‘எம்.ஏ.எஸ்.’ என்பதே குறி. மதராஸ் என்ற பெயர் போய்விட்டது. நிலையத்தின் பெயரும் 2019-இல் மாறியது. குறி மட்டும் மாறவில்லை. அக்குறி தெரிந்தவன் கிடங்கில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான்.

தேடுபொறியும் அத்தகைய கிடங்குக்காரனே. கூகிள் முதலியன நாம் கேட்ட பிறகு உலகமெங்கும் ஓடித் தேடுவனவல்ல. ஓயாமல் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பெரியதொரு சொல்லடைவை முன்னதாகவே தயாரித்து வைத்திருக்கின்றன. நாம் கேட்டதும் அந்த அடைவைப் புரட்டி, பொருத்தமானவை என்று தாம் கருதும் பக்கங்களை வரிசையாக நீட்டுகின்றன. அவ்வரிசை ஒரு யூகம். அதன் தலைப்பில் விளம்பரதாரர் பணம் கொடுத்து வாங்கிய இடங்களும் உண்டு. 2024 முதல் கூகிள் தானே ஒரு சுருக்க விடையை எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவும் தொடங்கியிருக்கிறது. அந்த விடையும் வேறு பக்கங்களிலிருந்து திரட்டியதே ஆதலால், எங்கிருந்து எடுத்தது என்று பாராமல் அதைக் கொள்ளலாகாது.

கிடங்குக்காரனிடம் ரசீதை நீட்டுவது போலத் தேடுபொறியிடம் நீட்டச் சில குறிகள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு உண்டு எனினும், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஐந்தாறு போதும்.

முதலாவது இரட்டை மேற்கோள் குறி. இரண்டு மூன்று சொற்களை இக்குறிக்குள் அடைத்துக் கேட்டால், அச்சொற்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து வரும் பக்கங்களையே பொறி தேடும். குறியின்றிக் கேட்டால் ஒரு சொல்லை விட்டுவிடும். ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை வைத்துக்கொள்ளும். நாம் பிழையாக எழுதினோம் என்று நினைத்துத் திருத்தவும் செய்யும். நம் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அது திருத்தும் அழகைக் கண்டவர்களுக்கு மேற்கோள் குறியின் அருமை தெரியும்.

ஆனால் தமிழில் இக்குறியை இடும்போது எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எங்கே வந்தாலும் ஒரே உருவில் நிற்கும். நம் மொழியிலோ அது திருநெல்வேலியில், திருநெல்வேலிக்கு, திருநெல்வேலியிலிருந்து என்று வேற்றுமை ஏற்றுக்கொண்டு நடக்கும். மேற்கோளுக்குள் ஒரு வடிவத்தை அடைத்தால் மற்ற வடிவங்கள் தப்பிப் போகக்கூடும். ஒற்று மிகுமிடமும் பிரித்து எழுதுவதும் இன்னொரு தொல்லை. பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட நூலைக் ‘கலைக்களஞ்சியம்’ என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. ‘கலைக் களஞ்சியம்’ என்று பிரித்து எழுதுவோரும் உண்டு. அதன் முதன்மை ஆசிரியரைப் பெ. தூரன் என்றும், பெரியசாமி தூரன் என்றும், பெரியசாமித் தூரன் என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே மனிதர் என்பது நமக்குத் தெரியும்; அடைவுக்குத் தெரிய வேண்டுமென்ற கட்டாயமில்லை.

இத்தொல்லைக்கு மருந்து ‘ஆர்’ என்னும் ஆங்கிலச் சொல். ‘அல்லது’ என்று பொருள். ஓ, ஆர் என்ற இரண்டெழுத்தையும் பெரிய எழுத்தாகவே இட வேண்டும். சிறிய எழுத்தில் இட்டால் சாதாரணச் சொல்லாகிவிடும். ஒவ்வொரு வடிவத்தையும் மேற்கோளுக்குள் வைத்து, இடையிடையே இதை இட்டால், எது கிடைத்தாலும் கொண்டுவரும். பாட்டனார் காலத்துக் காகிதங்களைத் தேடுவோர்க்கு இது மிகவும் உதவும். பழைய ஆங்கிலப் பதிவுகளில் தஞ்சாவூர் ‘டான்ஜூர்’ ஆகவும், தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆகவும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆகவும், திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாபொலி’ ஆகவும் இருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டில் மட்டும் தேடிவிட்டு, ஒன்றும் அகப்படவில்லை என்று கைவிடுகிறோம்.

‘அல்லது’, ‘நீங்கலாக’ என்று கணக்குப்போல் சொற்களைச் சேர்க்கவும் கழிக்கவும் வழி வகுத்தவர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் (1815–1864). செருப்புத் தைப்பவரின் மகன். பதினாறாவது வயதிலேயே குடும்பத்தைக் காக்க உபாத்தியாயர் வேலைக்குப் போனவர். மெட்ரிகுலேஷனோடு நின்றவனுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

‘நீங்கலாக’ என்பதற்குரியது கழித்தற்குறி. வைகை ஆற்றைப் பற்றிப் பள்ளியில் எழுதி வரச் சொன்னார்கள் என்று என் மகள் தேடினாள். வைகை எக்ஸ்பிரஸின் கால அட்டவணை வந்து விழுந்தது. ரயில்வேக்காரன் வீட்டில் அது பொருத்தந்தான் எனினும், குழந்தைக்கு ஆறல்லவா வேண்டும்? வைகை என்று எழுதி, ஓர் இடம் விட்டு, கழித்தற்குறியை இட்டு, அதை ஒட்டியே எக்ஸ்பிரஸ் என்று எழுதினால் ரயில் விலகிவிடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடலாகாது.

சங்கத்தில் மூண்ட 120 நாள் தர்க்கத்தைத் தீர்க்கத் தேதிக் குறி இருக்கிறது. ‘ஆஃப்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் 2024-11-01 என்று இட்டால், அத்தேதிக்குப் பிற்பட்ட பக்கங்களே வரும். ‘பிஃபோர்’ என்பது முற்பட்டவற்றுக்கு. பக்கத்தின் தேதியைப் பொறி தானே கணிக்கிறது. பழைய சரக்கின் மேல் புதுத் தேதி ஒட்டி விற்கும் பக்கங்களும் உண்டாகையால், இதை மட்டும் நம்பிப் பெட்டி கட்டக் கூடாது.

இனி நான் எழுத இசைந்த காரணத்தைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி தந்திருக்கிறார், பெயர் வேண்டாமென்றார்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியின் தலைத் திவசத்திற்குத் திருச்சிக்குப் போக, தமக்கும் மனைவிக்கும் மின்பயணச்சீட்டு எடுத்திருந்தார். புறப்படும் நாளுக்கு முதல் நாள் அந்த வண்டி ரத்தாயிற்று. பஸ் மாறிப் போய்த் திவசத்தை முடித்துத் திரும்பினார். டிக்கெட் பணம் 2,180 ரூபாய் எப்போது வரும் என்று அறிய விரும்பினார். ‘ரீஃபண்ட் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கைத்தொலைபேசியிடம் வாயாலேயே கேட்டார். மேலே வந்த எண்ணை அழைத்தார். மரியாதையான இந்தியில் ஒருவன் பேசினான். ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னான். திரையில் தெரிவதையெல்லாம் அவன் காணும்படி செய்யும் செயலி அது. பத்து ரூபாய் செலுத்திப் பார்க்கச் சொன்னான். கால் மணி நேரத்தில் பெரியவரின் கணக்கிலிருந்து 41,000 ரூபாய் போய்விட்டது.

அவர் அதை மூன்று நாள் மனைவியிடம் சொல்லவில்லை. சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரை அம்மாள் என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் 1930 என்ற எண்ணை அழைத்தேன். இணையக் குற்றங்களால் பணம் இழந்தோர் முறையிட மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. அழைத்தவுடன் பணம் போகும் வழியைத் தடுக்க முயல்வார்கள். மணிக்கணக்கில் செய்ய வேண்டிய காரியம். மூன்று நாள் கழிந்திருந்தபடியால் 6,000 ரூபாய் மட்டும் வழியில் தடுக்கப்பட்டது. மீதி இன்றுவரை வரவில்லை.

“ஐயா, இரண்டு வீடு தள்ளி ரயில்வேக்காரன் இருக்கிறேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?” என்றேன்.

“ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறாய் தம்பி. இதற்காக எழுப்ப வேண்டாமென்று நினைத்தேன்” என்றார்.

வண்டி முழுவதும் ரத்தானால், மின்பயணச்சீட்டுக்குரிய பணம் எவரும் கேளாமலே, செலுத்திய கணக்குக்குத் திரும்பிவிடும். அந்த 2,180 ரூபாயும் அப்படியே வந்து சேர்ந்தது, மறு வாரத்தில்.

அன்றிரவு அந்த மோசக்காரனின் எண்ணை மேற்கோள் குறிக்குள் அடைத்துத் தேடினேன். பத்து இலக்கமும் சேர்ந்த வடிவம் ஒன்று, ஐந்தைந்தாகப் பிரித்த வடிவம் ஒன்று; நடுவே ‘ஆர்’. அதே எண் ஓரிடத்தில் சமையல் எரிவாயு ஏஜென்சியின் எண்ணாக இருந்தது. மற்றோரிடத்தில் கூரியர் கம்பெனியின் புகார் எண். பிறிதோரிடத்தில் விமானப் பிரயாணிகளுக்கு உதவும் எண். ஒரே ஆள் இத்தனை ஆபீசுக்கும் தொலைபேசி எடுப்பானா? நானும் ஒரு குமாஸ்தாதான். ஒரு ஆபீசுக்கே கை போதவில்லை. அழைப்பதற்கு முன் அரை நிமிஷம் இப்படித் தேடியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மோசக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது விந்தையொன்றுமில்லை. எவரும் எழுதக்கூடிய பக்கங்களில் தங்கள் எண்ணைப் பல இடங்களில் எழுதி வைக்கிறார்கள். வரைபடத்தில் கடைகளின் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். பணம் கட்டி விளம்பர இடத்தையும் வாங்குகிறார்கள். அடைவு பொய்யையும் மெய்யையும் ஒரே அகரவரிசையில்தான் வைத்திருக்கிறது.

இதற்குக் காவலாகப் பயன்படும் குறி ‘சைட்’. எஸ், ஐ, டி, இ என்ற நான்கு ஆங்கில எழுத்தும், உடனே முக்காற்புள்ளியும், இடம் விடாமல் ஒரு தளத்தின் முகவரியும் இட்டால், அத்தளத்துக்குள்ளேயே தேடல் நிற்கும். முழு முகவரி தெரியாவிட்டாலும் அதன் வாலை மட்டும் கொடுக்கலாம். ‘கவ் டாட் இன்’ என்று முடியும் முகவரிகள் நம் நாட்டு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவன. ஆகவே, ஒரு திட்டம், ஒரு சான்றிதழ், ஓய்வூதியம் பற்றி அறிய வேண்டுமாயின், விஷயத்தை எழுதிப் பின்னால் ‘சைட்’ குறியும் அந்த வாலும் சேர்த்துவிட்டால், வியாபாரிகளின் கூச்சல் அடங்கிவிடும். வங்கிகளுக்கும் இப்படி ஒரு வால் ஏற்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென்று பணித்தது. வங்கி எண்ணைத் தேடுவோர் அந்த வாலைக் கொடுத்துத் தேடலாம்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ரயில் பயணச்சீட்டு விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தின் முகவரி ‘கோ டாட் இன்’ என்று முடிகிறது. அந்த வாலை யாரும் வாங்கலாம். ஆகவே அங்கே வால் போதாது. முழு முகவரியும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முயலாமல், பழைய பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதுவதே நல்லது. தொலைபேசி எண்ணும் அப்படியே. வங்கியின் எண் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. ரயில்வேக்கு 139 என்ற மூன்று இலக்கம் இருக்கிறது. கையில் இருப்பதை விட்டுக் கிடங்கில் தேடுவது எதற்கு?

சுற்றறிக்கைகளை மூலத்திலேயே பார்க்க விரும்புவோர்க்கு ‘ஃபைல்டைப்’ என்ற குறி உண்டு; அதன் பின் முக்காற்புள்ளியும் பி.டி.எஃப். என்ற மூன்றெழுத்தும் இட்டால், அச்சுப் பிரதிபோல் ஏற்றி வைத்த ஆவணங்களே வரும். இதை ‘சைட்’ குறியோடு சேர்த்து இடலாம். பயணச்சீட்டு ரத்து, பணம் திரும்பப் பெறுதல் பற்றிய விதிகள் 2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தவை. அதன் பின் திருத்தங்களும் வந்தன. ஆதலால் மூலமும் திருத்தமும் ஒருங்கே பார்ப்பதற்கு நான் இவ்விரு குறிகளையே நம்பியிருக்கிறேன்.

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை இக்குறி பல சமயம் கைவிரிக்கும். பழைய தாள்கள் வெறும் படமாக ஏற்றப்பட்டிருந்தால் அவற்றினுள் எழுத்தென்று ஒன்றை அடைவு சேர்ப்பது அரிது. வேறு சில, பலவகைப் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது யந்திரத்துக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னும் பழைய கோப்புகள் பழையபடியே கிடக்கின்றன. அத்தகையவற்றைத் துறையின் பெயர், ஆணை எண், ஆண்டு இவற்றை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால் சில வேளை அகப்படும்.

பழைய புத்தகங்களில் கற்பிக்கும் குறிகள் சில இப்போது இல்லை. சொல்லுக்கு முன் கூட்டற்குறி இடும் வழக்கத்தைக் கூகிள் 2011-இல் நிறுத்திவிட்டது. பக்கத்தின் முன்னைய பிரதியைக் காட்டிய ‘கேஷ்’ குறியும் 2024-இல் போயிற்று. அவற்றைப் போட்டுப் பார்த்துப் பலன் இல்லையென்று வருந்த வேண்டாம்.

அந்தப் பெரியவர் சில வாரம் கைத்தொலைபேசியைத் தொடவேயில்லை. நான்தான் ஒரு மாலை வற்புறுத்தி, தேட ஆசைப்படும் பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்டேன். சிறு வயதில் திருச்சியில் ஒரு வாசகசாலையில் கலைக்களஞ்சியம் பார்த்ததாகவும், அந்தக் கனத்த தொகுதிகளைத் தூக்க முடியாமல் மேஜையிலேயே வைத்துப் படித்ததாகவும் சொன்னார். சேர்த்தெழுதியது, பிரித்தெழுதியது என்னும் இரண்டு வடிவங்களையும் மேற்கோளிட்டு, நடுவே ‘ஆர்’ போட்டு, தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் முகவரியை ‘சைட்’ குறியோடு சேர்த்து அவர் கையாலேயே எழுதச் செய்தேன். ஒரு விரலால் எழுதக் கால் மணி நேரமாயிற்று. நூல் கிடைத்தது.

தொலைபேசிக்குப் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியின் பின்புறத்தில் 139, 1930 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். கலைக்களஞ்சியத்தில் இப்போது மூன்றாம் தொகுதிக்கு வந்திருக்கிறார். நடுவில் ஐயம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார், நான் தூங்கினாலும்.